காக்கி உடுத்தப்போகும் பிள்ளைக்கு எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்: பரதராமித் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, ஆந்திர எல்லையை ஒட்டிய உங்கள் பரதராமியில் விடியற்காலையில் எழுந்து சித்தூர் சாலையோரம் ஓடிப் பழகுகிறான் என்றும், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்குச் சேர்த்து நடத்தப்படும் பொதுத் தேர்வின் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் தேறுவானா என்பதைவிட, தேறி உள்ளே போன பிறகு என்ன ஆவான் என்பதே உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. "அடி என்று சொன்னால் அடித்துவிடுவானா, அடித்துவிட்டு அவனே ஜெயிலுக்குப் போவானா, மாட்டேன் என்றால் அவனை வேலையில் வைத்திருப்பார்களா" என்று நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளை, இத்தனை ஆண்டுகளில் வேறு எந்தப் பெற்றோரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. ஓட்டத்தையும் உயரத்தையும் பற்றிக் கேட்பவர்களே அதிகம்.

அந்த விவரங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர்; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. ஓட்டம் 1500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ் மொழித் தகுதித் தேர்வும், அதில் 32 எடுத்தவர்களுக்கு 70 மதிப்பெண்ணுக்கு முதன்மை எழுத்துத் தேர்வும் உண்டு. ஊதிய விகிதம் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை. தம்பி இவற்றையெல்லாம் மனப்பாடமாகவே வைத்திருப்பான். ஆகவே உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

உங்கள் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் நம் பக்கத்து மாவட்டங்களைச் சேர்ந்த மரம் வெட்டும் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். தற்காப்புக்காகவே சுட்டோம் என்று காவல்துறை சொன்னது. இறந்தவர்களின் குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் அதை ஏற்கவில்லை. எல்லையோரத்தில் வாழும் நமக்கு அது செய்தித்தாளில் படித்து மறந்த சம்பவம் அன்று. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2014 செப்டம்பரில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சம்பந்தப்பட்ட நிலையத்தைச் சேராத அதிகாரிகள் புலனாய்வு செய்ய வேண்டும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை நடக்க வேண்டும், மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், சுட்டவர்களுக்கு உடனடிப் பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நெறிகளை வகுத்திருந்தது. சட்டம் எழுதப்பட்டிருப்பது ஒன்று, அதைக் களத்தில் நிற்பவர் தம் கையால் பதிவு செய்வது வேறொன்று. தம்பியின் வேலை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கப்போகிறது.

காவலர் பலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போகும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கைதை ஒருவர் பலவந்தமாக எதிர்த்தால் கைது செய்வதற்குத் தேவையான வழிகள் அனைத்தையும் கையாளலாம் என்று அனுமதிக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. கைதானவர் தப்பாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்பது 46-ஆம் பிரிவு. எதிர்ப்பு இருக்கும்வரைதான் பலத்துக்கு இடம் உண்டு. அவர் பிடிபட்டு உட்கார்ந்த பிறகு விழும் முதல் அடியிலிருந்து அது குற்றம். வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரையிலும், கொடுங்காயமானால் 10 ஆண்டுகள் வரையிலும் சிறை. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது அங்கே காப்பாகாது. உங்கள் இரண்டாம் கேள்விக்குச் சட்டம் தரும் பதில் இதுதான்.

சிறைக் காவலர் பணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் பலர் மதிப்பெண் குறைந்தால் கிடைக்கும் வேலை என்றே அதை நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நமக்கு அருகிலேயே வேலூர் தொரப்பாடியில் மத்திய சிறையும், தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சியகமும் இருக்கின்றன. அந்தப் பயிற்சியகம் 1979-இல் தொடங்கப்பட்டது. அங்கே கற்பிக்கப்படும் அடிப்படை ஒன்றைத் தம்பி இப்போதே அறிந்துகொள்ளட்டும். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின்படி, சிறைவாசி தவறு செய்தால் விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு உரியது. சட்டத்தில் சொல்லப்பட்ட தண்டனைகளைத் தவிர வேறெதையும் அவரும் விதிக்க முடியாது. விதித்ததைத் தண்டனைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். இரும்புக் கதவருகே சாவியோடு நிற்கும் காவலருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கடுகளவும் இல்லை. சிறைவாசிகளை நடத்தும் முறை குறித்து ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 82-ஆம் விதி, தற்காப்பு, தப்பியோடும் முயற்சி, சட்டப்படியான ஆணைக்கு உடல்வழி எதிர்ப்பு ஆகிய சூழல்களில் மட்டுமே சிறை அலுவலர் பலத்தைக் கையாளலாம் என்றும், கையாண்டால் உடனே சிறைத் தலைவரிடம் அறிக்கை தர வேண்டும் என்றும் சொல்கிறது.

எழுதுவது என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தியும் இதுவே. இந்தப் பணிகளில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் அவன் கைத்தடி அன்று, அவன் கையெழுத்து. 1996 டிசம்பரில் காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் நாளும் நேரமும் எழுதிச் சாட்சியின் கையொப்பம் வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், கைதானவர் கேட்டால் அவர் உடலிலுள்ள சிறு காயத்தையும் அப்போதே குறித்து, இருவரும் கையெழுத்திட்டு, படியை அவரிடம் கொடுக்க வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். ஏறத்தாழ எல்லாமே எழுத்து வேலை. சிறைக்குள் ஒருவரைச் சேர்க்கும்போதும் அவர் உடலிலுள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று அந்தப் பழைய 1894 சட்டமே சொல்கிறது. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் 1993 முதல் இருக்கிறது.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் நான்கு நாட்களுக்குள் இறந்த வழக்கை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா அன்றாடம் தானாகவே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். ஆனால் கோவில்பட்டி கிளைச் சிறையின் சேர்க்கைப் பதிவேட்டில் இருவரின் காயங்களும் குறிக்கப்பட்டிருந்தன. அதே நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்துக்கு நடுவிலும், அன்றிரவு தாம் கண்டதை நடுவரிடம் வாக்குமூலமாகச் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்க மதுரைக் கிளை உத்தரவிட்டது. காக்கி உடுத்தியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை, அம்மா. அந்த ஆண்டு டிசம்பரில், நாடு முழுவதும் காவல் நிலையங்களில் ஒலிப்பதிவோடு கூடிய கேமராக்களைப் பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள், குறைந்தது ஓராண்டாவது, வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஆணையிட்டது.

உங்கள் மூன்றாம் கேள்விக்கு, என்னிடம் பயின்ற ஒரு பிள்ளையின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவன் சிறைக் காவலராகச் சேர்ந்த முதல் ஆண்டில், சிறைவாசி ஒருவருக்குக் கை முறிந்தபோது, "கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதிக் கொடு" என்று மூத்தவர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவன் எதிர்த்துப் பேசவில்லை, குரல் உயர்த்தவுமில்லை. "நான் அந்த நேரத்தில் காவல் கோபுரத்தில் இருந்தேன், விழுந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டு எத்தனை மணிக்கு வந்தேன், வந்தபோது அவர் எப்படிக் கிடந்தார் என்பதை எழுதித் தருகிறேன்" என்று சொல்லி, அப்படியே எழுதிக் கொடுத்தான். அதன் பிறகு ஒன்பது மாதங்கள் அவனுக்குத் தொடர்ந்து இரவுப் பாரா போட்டார்கள். விடுப்பும் எளிதில் கிடைக்கவில்லை. துன்பம் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். விசாரணை வந்தபோது மற்றவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்தது, அவனுக்கு வரவில்லை. இன்றும் பணியில் இருக்கிறான். கைதானவர்கள் மாவுக்கட்டோடு இருக்கும் படங்களைப் பகிர்ந்து கைதட்டுகிறவர்கள், அந்தக் கட்டுக்குப் பின்னால் ஒரு பொய் அறிக்கையும், அதில் கையெழுத்திட்ட ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையும் இருப்பதைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வேதனை.

அமெரிக்கக் காவலர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அங்கே இதெல்லாம் எப்படி என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். அங்கே காவலர்களுக்கான தகுதித் தரத்தையும் பயிற்சியையும் வரையறுக்க மாநிலந்தோறும் ஆணையங்கள் உண்டு. கலிபோர்னியாவில் அது 1959 முதல் இருக்கிறது, கடும் தவறு செய்தவரின் பணிச் சான்றையே பறிக்கும் அதிகாரம் அதற்கு 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் கிடைத்தது. காவலர் பலத்தால் நேரும் மரணம், கொடுங்காயம், துப்பாக்கிச் சூடு ஆகியவற்றை நாடு முழுவதும் தொகுக்கும் பணியை அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2019-இல் தொடங்கியது, ஆனால் தகவல் தருவது அங்கே கட்டாயமில்லை. இங்கே நமக்கு அப்படிப்பட்ட தனிச் சான்று இல்லை. துறை நடவடிக்கை, நீதிமன்றம், மனித உரிமை ஆணையம் ஆகியவைதாம் வழி.

இனி, கடிதத்தின் கடைசியில் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்த செய்தி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மாடு விடும் விழாவில் நடந்த தள்ளுமுள்ளு வழக்கில் தம்பியின் பெயரும் சேர்க்கப்பட்டு, பிறகு விடுதலையானது என்றும், விண்ணப்பத்தில் அதைக் காட்ட வேண்டாம் என்று பயிற்சி மையத்தில் யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். தேர்வு பெற்றவர்களின் முன்வரலாற்றைக் காவல்துறை சரிபார்க்கும்போது நிலையப் பதிவில் அது நிச்சயம் தெரியவரும். காவல்துறையின் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒரு விதி உண்டு. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுவிக்கப்பட்டவரையும்கூட வழக்கில் தொடர்புடையவராகவே அது கருதுகிறது. ஆகவே தீர்ப்பில் எந்தச் சொற்களில் விடுதலை எழுதப்பட்டிருக்கிறது என்பது மிக முக்கியம். அதைப் படித்துப் பார்க்காமல் வாய்ப்பு எவ்வளவு என்று நான் சொல்ல முடியாது. மறைத்தால் மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகி, வழக்கில் நியாயம் இருந்தாலும் வேலை போகும். உண்மையை எழுதி நிராகரிக்கப்பட்டால் நீதிமன்றத்தில் வாதாட இடம் உண்டு. தம்பி தன் பணி வாழ்வில் எழுதப்போகும் முதல் அறிக்கை அவனைப் பற்றியது. அதில் பொய் எழுதிப் பழகிவிட்டால், பிறகு நான் சொன்ன கோபுரத்துப் பிள்ளையைப் போல அவனால் நிற்க முடியாது.

தேர்வு வரை உள்ள நாட்களில் அவன் ஓட்டத்தைக் குறைக்க வேண்டாம். தினமும் இரவில் அரைப் பக்கம், அன்று தன் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சியை, மணி குறித்து, பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "கலவரம் செய்தான்" என்று எழுதாமல், "வலது கையில் கல்லை எடுத்து என்னை நோக்கி ஓங்கினான்" என்று எழுதும் பழக்கம் வர வேண்டும். உங்கள் வீட்டில் தெலுங்கும் பேசுகிறீர்கள் என்று அறிகிறேன். அவனுக்குத் தெலுங்கு எழுத்தும் படிக்கத் தெரிந்தால் பெரிய பலம். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தெளிவாக்கிவிட்டது. நம் எல்லைப் பக்க நிலையங்களிலும் வேலூர்ச் சிறையிலும் தெலுங்கு மட்டுமே அறிந்தவர்கள் அடிக்கடி வருவார்கள். புரியாத மொழியில் இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒருவர் அடிபடுவதை, இரண்டு மொழி தெரிந்த காவலர் ஒருவர் நின்றாலே தடுத்துவிடலாம்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்குக் குடியாத்தம் நீதிமன்றத்தில் இந்த வாரமே மனுப் போடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது. வழக்கு எண் தெரியாவிட்டால் அன்று வாதாடிய வழக்கறிஞரிடமே கேட்டுப் பெறலாம். நகல் கைக்கு வந்ததும் தம்பியையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை மூவரும் சேர்ந்தே நிரப்புவோம்.