கடலில் முட்டை விந்தணுவை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள்ளாக, பந்து மாதிரி இருக்கும் கடல் உயிரி), சிப்பி போன்றவற்றில் பல, ஜோடி சேருவதில்லை. முட்டையையும் விந்தையும் அப்படியே தண்ணீரில் விட்டுவிடும். அவ்வளவு பெரிய கடலில் அதது தன் இனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

முட்டை ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதன் தடம் பிடித்து விந்தணு வருகிறது. இதற்கு வேதி ஈர்ப்பு என்று பெயர்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கண்ணைக் கட்டி விட்டாலும் மல்லி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். (கனகாம்பரத்தை முடியாது, அதற்கு வாசமே கிடையாது.) வாசம் கூடினால் நேரே நடப்போம், குறைந்தால் திரும்புவோம். விந்தணு செய்வதும் ஏறக்குறைய அதுதான். அர்பேசியா என்ற கடல் முள்ளெலியின் முட்டை ‘ரெசாக்ட்’ என்ற பொருளை விடுகிறது. 14 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். அது விந்தணுவின் வாலில் ஒட்டியதும் உள்ளே கால்சியம் பாய்கிறது. வால் அடிக்கும் விதம் மாறுகிறது. சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்தது முட்டைப் பக்கம் வளைகிறது.

சரி, தேர்வு எங்கே வருகிறது? மஸ்ஸல் என்ற சிப்பி வகையைப் பாருங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே, ஒரு பெண்ணின் முட்டை விடும் பொருள் சில ஆண்களின் விந்தணுவை அதிகமாக இழுக்கிறது, சிலருடையதைக் குறைவாக. இன்னொரு பெண்ணின் முட்டைக்கு அந்த வரிசையே மாறிவிடும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்!

‘வேகமாக நீந்துவதுதான் ஜெயிக்கும்’ என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பத் தெரியாத விந்தணு எவ்வளவு வேகமாக நீந்தினாலும் முட்டையைத் தாண்டிப் போய்விடும்.