பேச்சு வராத குழந்தையோடு வகுப்புப் பிள்ளைகள் பழகுவார்களா?

மகளுக்குப் பேச்சு வராது, சக்கர நாற்காலியில் இருக்கிறாள், பொது வகுப்பில் சேர்த்தால் தனித்துப் போய்விடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் பழகுவார்கள். ஆனால் ஒரே அறையில் உட்கார வைப்பதால் மட்டும் அது நடந்துவிடாது. சிறப்பாசிரியரான நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன்.

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடலசைவைக் கட்டுப்படுத்துவது கடினமாகும் நிலை) உள்ள ஒரு சிறுமியின் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வருவார்கள், ஆனால் பேசுவது என்னிடம். "மிஸ், அவளுக்குப் படம் வரையப் பிடிக்குமா?" நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள், "அவளையே கேளு. ஆமாம்னா கண்ணை மேலே தூக்குவா, கொஞ்சம் பொறுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போனேன். பையன் கேட்டான். அவளுக்குக் கை விறைத்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பத்து விநாடி இருக்கும். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. கண்கள் மெல்ல மேலே போயின. "ஆமாங்கறா!" என்று கத்தினான். அப்புறம் கிரேயான்களை ஒவ்வொன்றாகக் காட்டி எந்த நிறம் வேண்டும் என்று கேட்டதெல்லாம் அவனாகவே செய்தது.

உதவியாளர் ஓயாமல் ஒட்டியே இருந்தால் சக மாணவர்கள் விலகிப் போகிறார்கள் என்பதை அமெரிக்காவில் மைக்கேல் ஜியான்கிரெக்கோ குழுவினர் 1997-இலேயே ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். அதைவிட முன்பே, 1954-இல், உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னது: சமமான இடமும் பொதுவான வேலையும் இருந்தால்தான் ஒருவரோடொருவர் பழகுவது மனத்தடையைக் குறைக்கும்.

சமமான இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாற்காலி தள்ளுவது, வாய் துடைப்பது என்று பணிவிடை மட்டும் செய்ய விட்டால் அந்தப் பிள்ளை குட்டி ஆயாவாகிவிடும், தோழியாகாது. குழு வேலையில் உங்கள் மகளுக்கும் ஒரு பங்கு வேண்டும். பெரிய பொத்தானை அழுத்திப் பாட்டை ஓடவிடுவது, விளையாட்டில் அடுத்தது யார் என்று கண்ணால் காட்டுவது, இப்படி அவள் செய்யாமல் ஆட்டம் நகராத ஏதாவது ஒன்று.

சேர்க்கும் முன் பள்ளியில் கேளுங்கள்: உதவியாளர் எங்கே உட்காருவார், எப்போது விலகுவார்? அவளுடைய 'ஆமாம்', 'இல்லை' எப்படி இருக்கும் என்று வகுப்புக்கு யார் காட்டித் தருவார்கள்? படங்களைக் காட்டிப் பேச உதவும் அவளுடைய படப்பலகை இடைவேளையிலும் அவள் கைக்கு எட்டுமா, இல்லை பையிலேயே கிடக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் அதிகம் பேசுவது இடைவேளையில்தான்.