இயன்மருத்துவர் பதில்கள்: முழங்காலும் பழக்கமும்

கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை. இறங்கும்போதுதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் நோகிறது. ஏற்றம்தானே கஷ்டம்? (ஆசிரியை, உப்புவெளி)

மூச்சுக்கு ஏற்றம் கஷ்டம், முழங்காலுக்கு இறக்கம். படியிறங்கும்போது மேற்படியில் நிற்கும் கால்தான் மடங்கிக்கொண்டே முழு உடம்பையும் கீழே இறக்குகிறது. தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டும். கால் மடங்க மடங்க, சில்லு தொடை எலும்போடு அழுந்துவதும் கூடும். ஆகவே ஏறும்போது நோகாத காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது நோகும் காலை. வீட்டில் தாழ்வான ஒரு படியில் நின்று, மற்றக் குதிக்காலை மெதுவாகத் தரை தொடும்வரை இறக்கிப் பழகுங்கள். பழகும்போது கொஞ்சம் நொந்தாலும் மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் பயமில்லை. எக்ஸ்ரேயில் தேய்வு என்று எழுதியிருப்பதை நினைத்துக் கலங்கவும் வேண்டாம். தேய்வு இருந்தும் நோவே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம்.

ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவை நார்) சத்திரசிகிச்சை முடிந்து ஆறு மாதம். கிளினிக்கில் ஸ்குவாட் (குந்தி எழும்புவது) எல்லாம் நேராக வருகிறது. மைதானத்தில் பந்தோடு திரும்பினால் முழங்கால் உள்ளே சாய்கிறது என்கிறார் கோச். பலம் போதாதா? (வயது 22, கிண்ணியா)

பலத்தை மற்றக் காலோடு ஒப்பிட்டு அளந்தால்தான் சொல்லலாம், தம்பி. அதை உங்கள் இயன்மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பழகும் முறையில்தான் சந்தேகம். கண்ணாடிக்கு முன்னால் ஒரே ஸ்குவாட்டைப் பத்துத் தரம் செய்தால், மூன்றாவது தரத்துக்குப் பிறகு மூளைக்கு வேலையில்லை, பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதுவதுபோல முந்திய தரத்தைக் கொப்பி அடிக்கும். மைதானத்தில் ஒரு திருப்பம் மாதிரி இன்னொன்று வராது.

1979இல் ஷியா, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று கையசைவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். மூன்றையும் கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினாலும், பத்து நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது அவர்களே முந்தினார்கள். கையில் கண்டது முழங்காலுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சை முடிந்த முதற் கிழமைகளில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் இயன்மருத்துவர் குதித்து ஒற்றைக்காலில் தரையிறங்க அனுமதித்திருந்தால், அதையும் பக்கவாட்டு ஓட்டத்தையும் சட்டென்று நிற்பதையும் கலந்து செய்யுங்கள். அடுத்தது எது என்பதைக் கூட்டாளி கடைசி நொடியில் கூப்பிட்டுச் சொல்லட்டும். “முழங்காலை நேராக வை” என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சத்தமில்லாமல் தரையிறங்கு, மைதானத்தில் வைத்த அந்தக் கூம்பைப் பார்த்துத் திரும்பு என்று கவனத்தை உடம்புக்கு வெளியே வைத்தால் அசைவு பெரும்பாலும் நன்றாக வரும். தடுமாற்றம் கூடும், அதற்காக விட்டுவிடாதீர்கள். சுற்றுப்போட்டியை மட்டும் 9 மாதத்துக்கு முன் நினைக்காதீர்கள். 9 மாதம் ஆனாலும் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

முழங்கால், கதவுப் பிணையல்போல மடங்கி நிமிரும் பிணையல் மூட்டு என்று படித்தோம். அது சுழலவும் செய்யுமாமே? (உயர்தர மாணவி, மூதூர்)

பரீட்சையில் பிணையல் என்றே எழுதுங்கள். உண்மையில் கால் முழுதாக நிமிரும் கடைசிக் கட்டத்தில் கணைக்கால் எலும்பு சற்று வெளிப்பக்கம் திரும்பி மூட்டைப் பூட்டிக்கொள்ளும். தொடைத்தசை அதிகம் உழைக்காமல் நெடுநேரம் நிற்க முடிவது அதனால்தான். பூட்டைத் திறப்பது முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் பொப்ளிற்றியஸ் என்ற சின்னத் தசை.

அம்மாவுக்கு முழங்கால் மாற்றுச் சிகிச்சை நடந்து ஐந்து கிழமை. கதிரையால் எழும்பும் ஒவ்வொரு தரமும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் இல்லாவிட்டால் மறந்துவிடுகிறார். (தம்பலகாமம்)

தங்கச்சி, விடாமல் சொல்லிக்கொடுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் குரல் கேட்டால்தான் எழும்ப வரும் என்று அம்மா பழகிவிடுவார். பக்கத்தில் நில்லுங்கள், விழப்போனால் பிடியுங்கள், ஆனால் இரண்டு மூன்று தரம் வாய் திறக்காதீர்கள். பிறகு “எப்படி இருந்தது?” என்று அவரையே கேட்டு, ஒரேயொரு திருத்தம் சொல்லுங்கள். கதிரையோடு நிறுத்தாமல் கட்டில், கொமட், வாசல் திண்ணை என்று அவர் தினமும் எழும்பும் இடங்களிலும் பழக்குங்கள்.

கரைவலை இழுத்த பிறகு முழங்கால் வீங்கி, தொடை மெலிந்துவிட்டது. எண்ணெய் போட்டு உருவலாமா? (சல்லி)

உருவினால் சுகமாக இருக்கும், மூட்டுக்குள் இருக்கும் நீர் வற்றாது. அந்த நீர் இருக்கும்வரை நரம்புகள் தொடைத்தசையை அடக்கியே வைத்திருக்கும். என்னதான் முயன்றாலும் தசை முழுதாக இறுகாது, மெலிவதும் அதனால்தான். சில நாள் வலையை விடுங்கள் அண்ணன். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். முழங்காலுக்குக் கீழ் சுருட்டிய துவாயை வைத்து, அதை அமுக்கித் தொடையை இறுக்கிப் பழகுங்கள். முழங்கால் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மடங்கிய கால் நிமிராமல் சிக்கிக்கொண்டாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.