பதக்கம் வாங்காத பிள்ளைகள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, மகளுக்கு 12. இருவரும் இறகுப்பந்து ஆடுகிறார்கள். மகள் மாவட்ட அளவில் பரிசு வாங்குகிறாள். மகன் ஒரு வருடமாகப் பின்தங்கிவிட்டான். கேட்டால் முட்டி வலி என்று சாக்குச் சொல்கிறான். ரோஷம் வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரையும் மோத விடுகிறேன். வென்றவர் என்னோடு ஸ்கூட்டரில் வரலாம். தோற்றவர் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நடந்து வரவேண்டும். பழைய பயிற்சியாளர் இதைக் குறை சொன்னார், அகாடமியையே மாற்றிவிட்டேன். போன மாதம் 20-17 என்று முன்னிலையில் இருந்த மகள், சர்வீஸை வலையில் அடித்து, அடுத்த நான்கு புள்ளிகளையும் விட்டு 20-22 என்று தோற்றாள். வேண்டுமென்றே செய்தாளோ என்று சந்தேகம். லட்சக்கணக்கில் செலவு செய்கிறேன். என் மனைவியோ என்னைக் கொடுமைக்காரன் என்கிறாள். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் அப்பாவும் மல்யுத்த வீராங்கனைகள் போகட் சகோதரிகளின் அப்பாவும் கண்டிப்பு காட்டாமல் இருந்திருந்தால் பதக்கம் வந்திருக்குமா? மகனுக்கு ரோஷம் ஊட்ட என்ன வழி?

— பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் மகனை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரோஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதினான்கு வயதுப் பையன், வேகமாக உயரும் பருவம், குதித்துக் குதித்து ஆடும் விளையாட்டு, ஒரு வருடமாக முட்டி வலி. இவ்வளவையும் நீங்களே எழுதிவிட்டு ‘சாக்கு’ என்று முடித்திருக்கிறீர்கள். முட்டிச் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண், கணுக்காலை நோக்கிப் போகும் முன்காலெலும்பில் வந்து ஒட்டுகிற இடம் இந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். ஓயாமல் குதித்தால் அந்த இடம் இழுபட்டு வீங்கும். முட்டிக்குக் கீழே தொட்டாலே வலிக்கும் ஒரு மேடு தெரியும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். வளரிளம் விளையாட்டுப் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான். குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும். உங்கள் மகனுக்கு இருப்பது இதுதானா என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. மருத்துவர் சொல்வார். இன்று மாலை அவன் கால்சட்டையைச் சற்றே தூக்கி அந்த முட்டியைப் பார்ப்பதற்கு மட்டும் மருத்துவர் தேவையில்லை. ஒரு வருடத்தில் ஒருமுறையாவது பார்த்தீர்களா? அந்த முட்டியோடு பையையும் சுமந்துகொண்டு அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நடந்திருப்பான் என்பதை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் உங்கள் மனைவி சொன்ன சொல் அதிகமா குறைவா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அது எந்தப் போட்டிக்கான பயிற்சி என்று யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை. மாவட்டமானாலும் மாநிலமானாலும் ஆண்கள் ஒற்றையர் வேறு, பெண்கள் ஒற்றையர் வேறு. உங்கள் மகனும் மகளும் எந்தக் கோப்பைக்காகவும் ஒற்றையரில் எதிரெதிரே நிற்கப்போவதே இல்லை. உலகில் ஒரே ஒரு போட்டியில்தான் அவர்கள் இருவரும் மோதுகிறார்கள். அதை நடத்துகிறவர் நீங்கள். பரிசு, உங்கள் ஸ்கூட்டரின் பின்னிருக்கை. (உடனே ‘அப்படியானால் கலப்பு இரட்டையரில் சேர்த்து ஆட வைக்கிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள். தோற்றால் யார் மேல் பழி விழும் என்பது இருவருக்கும் தெரியும்.)

உங்கள் கடிதத்தில் மகளின் பெயர் வரிக்கு வரி வருகிறது. அச்சில் அதை நீக்கிவிட்டோம். மகனுடையதை நீக்கும் வேலை எங்களுக்கு இல்லை, நீங்கள் அதை எழுதவே இல்லை.

இனி அந்த 20-17. சந்தேகமே வேண்டாம், வேண்டுமென்றேதான் தோற்றிருக்கிறாள். ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்திருக்கும். மாவட்ட அளவில் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு சர்வீஸை வலைக்கு மேலே அனுப்பத் தெரியாமல் போகாது. அண்ணன் அன்று நடக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை, அதற்காகத் தானே நடந்து வந்திருக்கிறாள். இதை நீங்கள் ஒரு குற்றம்போல என்னிடம் புகார் எழுதியிருக்கிறீர்கள். என் கவலை வேறு. வென்றால் அண்ணனுக்கு வலி, தோற்றால் அப்பாவுக்குக் கோபம் என்று அறிந்துகொண்ட குழந்தை இன்னும் எத்தனை நாளைக்கு அந்த மட்டையை ஆசையோடு தொடுவாள்? ஒரு பிள்ளையை எடுத்து இன்னொரு பிள்ளையை அடிக்கும்போது, பிரம்பாக இருக்கிற பிள்ளைக்கும்தான் வலிக்கும்.

அகாசி குடும்பத்தை இழுத்திருக்கிறீர்கள். சரி, பேசுவோம். அப்பா மைக் அகாசி 1948, 1952 ஒலிம்பிக்கில் ஈரானுக்காகக் குத்துச்சண்டை ஆடியவர். பிறகு லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் வேலை பார்த்தவர். வீட்டுப் பின்புறத்தில் டென்னிஸ் களம் அமைத்து, பந்து வீசும் இயந்திரத்தை மாற்றியமைத்து, சின்னஞ்சிறு ஆந்த்ரேயை நாளைக்கு 2,500 பந்து அடிக்க வைத்தார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பந்து அடிக்கிற பிள்ளையை யாரும் தோற்கடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. ஆந்த்ரே எட்டு கிராண்ட்ஸ்லாம் வென்றார். உங்களைப் போன்ற அப்பாக்கள் இதுவரை படித்துவிட்டுப் பத்திரிகையை மூடி வைத்துவிடுகிறீர்கள்.

அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தவள் ரீட்டாவையும் அவர் அப்படித்தான் விரட்டினார். அவள் அப்பாவோடும் டென்னிஸோடும் முறித்துக்கொண்டாள். அண்ணன் பிலிப்பும் ஆடினார், எட்ட வேண்டிய இடத்தை எட்டவில்லை. ‘பிறவியிலேயே தோற்கிறவன்’ என்ற பட்டம் அப்பாவிடமிருந்து கிடைத்தது. ஆந்த்ரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்: தேசியப் போட்டிக்குப் போகும்போது அப்பா சின்னதாக வெள்ளை மாத்திரை (ஊக்கமருந்து) கொடுத்தால் வாங்காதே என்று, ஒரே அறையில் படுத்திருந்த அந்த அண்ணன்தான் தம்பியை எச்சரித்தாராம். அப்பா ‘தோற்கிறவன்’ என்று ஒதுக்கிய பிள்ளைதான் தம்பிக்குக் காவலாக இருந்திருக்கிறான். உங்கள் வீட்டில் அந்த வேலையைத் தங்கை செய்கிறாள். ஜெயித்த ஆந்த்ரேயாவது மகிழ்ந்தாரா என்றால், டென்னிஸை வெறுத்தேன் என்று அதே நூலில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்.

நார்வேயில் இதைவிடப் புதிய கதை உண்டு. இங்கெப்ரிக்ட்சன் குடும்பத்தில் அண்ணன் தம்பி மூவர் 2012, 2016, 2018 ஆண்டுகளில் 1500 மீட்டர் ஓட்டத்தில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார்கள். மூவருக்கும் பயிற்சி கொடுத்தவர் தந்தை யெர்ட். அவர் தடகள வீரராக இருந்தவரே இல்லை. குடும்பத்தைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் வந்தது, நாடே கொண்டாடியது. இளையவர் யாக்கப் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். 2022இல் தந்தை பயிற்சியை விட்டு விலகினார். 2023 அக்டோபரில் மூன்று மகன்களும் சேர்ந்து, அப்பா வன்முறையும் மிரட்டலும் காட்டி வளர்த்தார் என்று செய்தித்தாளில் எழுதினார்கள். அவர் மறுத்தார். வழக்கு நடந்தது. யாக்கப் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து 2025 ஜூனில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மகள் இங்ரிட்டை ஈரத் துண்டால் முகத்தில் அடித்ததற்காக 15 நாள் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தது. இங்ரிட்டும் ஓடிக்கொண்டிருந்த பெண்தான், பாதியில் விட்டுவிட்டாள். சட்டப்படி அந்தத் தந்தைக்குப் பெரிய தண்டனை எதுவும் இல்லை. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறி அப்பாவுக்கு எதிராகப் பேசியவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள். தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளையும் அதில் அடக்கம்.

போகட் வீட்டுக் கண்டிப்பைப் பாராட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கீதா 55 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார், பபிதா 51 கிலோவில் வெள்ளி வாங்கினார். எடைப் பிரிவு வேறு, எதிராளி வேறு, பதக்கம் வேறு. அப்பா மகாவீர் போகட்டின் கண்டிப்பைப் பற்றி ஆயிரம் விவாதிக்கலாம்; அங்கே அக்காள் வாங்கிய தங்கம் தங்கையிடமிருந்து பறித்ததாக இருக்கவில்லை. நீங்களோ எதிரெதிரே நிற்கவே தேவையில்லாத இருவரைத் தேடிப் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

செலவைப் பற்றி ஒரு வரி. அந்த லட்சங்கள் பிள்ளைகள் உங்களிடம் வாங்கிய கடனில்லை. செய்ய இயலாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

செய்ய வேண்டியதைக் கேட்டீர்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை இந்த வாரமே நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு மகனின் முட்டியைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அந்தப் பழியும் அவன் தலையில் விழும். ‘நான் செய்தது தப்பு’ என்று இருவரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மருத்துவர் ஓய்வு சொன்னால் முழு ஓய்வு கொடுங்கள். அதன் பிறகும் மட்டை வேண்டாம் என்று அவன் சொன்னால், வேண்டாம்தான். மகள் ஆடும் அடுத்த சில போட்டிகளுக்கு அம்மா துணைக்குப் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் பார்வையாளர் பக்கம் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஷட்டிலை எடுக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று அம்மாவுக்குத் தெரியவரும்.

பழைய பயிற்சியாளரிடம் நேரில் போய், அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். உங்களை வாசலோடு நிறுத்திவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.