பி.எஸ்.டபிள்யூ. படிக்கட்டுமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், பி.காம். வேண்டாம், சமூகப்பணி இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ.தான் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "சேவை செய்யப் பட்டம் எதற்கு? செய்கிறவன் சும்மாவே செய்கிறானே" என்றும் கேட்டிருந்தீர்கள். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல, "குடிசைப் பகுதி, ஆஸ்பத்திரி என்று பெண் பிள்ளையை அலைய விடுவார்களாமே" என்று ஒரு வரி. உங்களைத் தூங்கவிடாத விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அதையே முதலில் பேசிவிடலாம்.

ஆமாம், அலைய விடுவார்கள். அந்த அலைச்சலுக்குத்தான் மதிப்பெண்ணே. வாரத்தில் பெரும்பாலும் இரண்டு நாள் களப்பணி இருக்கும். தொடக்கத்தில் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், மறுவாழ்வு மையம் என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பிறகு ஒரு தொண்டு நிறுவனத்திலோ, மருத்துவமனையிலோ, பள்ளியிலோ மாணவியை அமர்த்துவார்கள். ஆண்டில் ஒருமுறை கிராமத்தில் தங்கி ஊரக முகாமும் உண்டு. ஒவ்வொரு வாரமும் ரிப்போர்ட் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் உட்கார வைத்து வரிக்கு வரி கேள்வி கேட்பார்.

அப்படி என்ன கேட்பார் என்கிறீர்களா? ஓர் உதாரணம் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு பாட்டிக்கு மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை வாங்கித்தர இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி முயல்கிறாள் என்று வையுங்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. கணவரின் இறப்புச் சான்றிதழை யாரும் வாங்கி வைக்கவில்லை. இ-சேவை மையத்தில் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. பழைய இறப்பைப் பதிவு செய்ய யாரைப் பார்ப்பது, வி.ஏ.ஓ. எதை விசாரிப்பார், தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் எதைக் கொண்டுபோவது என்று அவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறாள். இதுவரை நல்ல மனசுள்ள யாரும் செய்கிற வேலைதான். ஆனால் அவள் ரிப்போர்ட்டில், "பணம் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் மகன் குறுக்கிட்டுப் பேச்சை மாற்றினார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "பாட்டியிடம் தனியாகப் பேசினாயா? பணம் வந்தால் அது யார் கைக்குப் போகும்?" என்று கேட்கிறார். படித்தவருக்கும் சும்மாவே செய்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த வட்டத்தில் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் அதுதான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கல்லூரியில் நேராகவே கேளுங்கள். தனியாக அனுப்புவார்களா, இருவராகவா? நிறுவனத்தில் மேற்பார்வையிடுபவர் யார்? எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் கல்லூரி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம்.

இனி வருமானம். இங்கே பூசி மெழுக மாட்டேன். பி.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு நல்ல சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். பட்டம் போதும், சமூகப்பணிப் பட்டம் என்றால் முன்னுரிமை. அதே அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். அதற்கு முதுகலை கேட்கிறார்கள், அல்லது பட்டத்தோடு அனுபவம். இரண்டுமே ஒப்பந்த வேலை. அறிவிப்பின் கடைசிப் பத்தியில் அது இருக்கும், நாம்தான் சம்பளத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் இதைவிடக் குறைவாக இருப்பதும் சகஜம்.

ஆகவே இதை மூன்றாண்டுப் படிப்பாகக் கணக்குப் போடாதீர்கள். சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வோடு சேர்த்து ஐந்தாண்டு என்று போடுங்கள். மருத்துவ சமூகப்பணி, மனிதவளம், சமுதாய மேம்பாடு எனப் பிரிவுகள் பிரிவதும் அங்கேதான். ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் என்ற பதவியை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் கட்டாயமாக்கியது. எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் மனிதவளத் துறைக்குள் நுழைந்த பழைய வாசல் அது. 2013 கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொன்ன பிறகு இன்னொரு வாசலும் திறந்தது. மனநல சமூகப்பணிக்குப் போக ஆசைப்பட்டால் பாதை இன்னும் நீளம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முதுகலைக்கு மேலும் இரண்டாண்டு மருத்துவப் பயிற்சியுடன் கூடிய எம்.பில். கேட்கிறது.

இந்த இடத்தில் விவரமான பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள். "எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாமாமே, அப்படியென்றால் பி.காம். படித்துவிட்டு அங்கே போகட்டுமே?" போகலாம், பலர் போகிறார்கள். மூன்றாண்டு முடிந்ததும் மகள் கட்டாயம் சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால், அந்த வழியைத்தான் நானும் சொல்வேன். பி.காம். அவளுக்கு ஒரு கைத்தொழில் மாதிரி நிற்கும், விருப்பம் குறையாமல் இருந்தால் பிறகு எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். அந்த நெருக்கடி இல்லையென்றால் பி.எஸ்.டபிள்யூ.வே நல்லது. இந்த வேலைக்குத் தனக்குத் தெம்பு இருக்கிறதா என்பது பதினெட்டு வயதில் யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு செமஸ்டரில் தெரிந்துவிடும். முதுகலையில் சேர்ந்தபின் அது தெரியவந்தால் அதற்குள் ஐந்தாண்டில் பெரும்பகுதி போயிருக்கும். பாதியில் மனம் மாறினாலும் இது ஒரு பட்டம்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்குத் தடையில்லை.

கல்லூரி பற்றி: சென்னை எழும்பூரில், மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இந்தத் துறையின் பழைய பெயர். அங்கே இளநிலையும் உண்டு. இந்தியாவில் இந்தப் படிப்புக்கு முன்னோடி மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம். முதுகலைக்கு அதை மனதில் வையுங்கள். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரியிலும் நன்றாகப் படிக்கலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் அஞ்சல்வழியாகவும் இருக்கிறது, ஆனால் பிளஸ் டூ முடித்து நேராக வரும் பிள்ளைக்கு நான் அதைச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு மையில் வட்டமிட அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம்.

மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். களப்பணிக்குப் போய்வரும் செலவைக் கல்லூரிகள் பெரும்பாலும் தருவதில்லை, அதற்கு இது உதவும். சேர்ந்ததும் கல்லூரியில் இதற்குப் பொறுப்பான ஆசிரியரைப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, களப்பணி ரிப்போர்ட்டுகளையும் மணிக்கணக்குச் சான்றையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். மருத்துவ, மனநல சமூகப்பணியை விட்டால், இந்தியாவில் எல்லாச் சமூகப் பணியாளருக்கும் பொதுவாகத் தேசிய அளவில் சட்டப்படியான கவுன்சிலோ பதிவு உரிமமோ இல்லை. இங்கே பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பின்னால் வெளிநாட்டில் வேலை என்று வந்தால், இத்தனை மணி நேரம், இன்னாருடைய மேற்பார்வையில் என்று தாளில் காட்டச் சொல்வார்கள். கல்லூரி முடித்து ஆறு வருஷம் கழித்து அந்தத் தாளுக்காக அலைவது பெரிய பாடு.

விண்ணப்பம் போடுவதற்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் கல்லூரிக்குப் போய் வாருங்கள். துறைத் தலைவரைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்றாமாண்டு மாணவி யாரிடமாவது, ஆசிரியர் திருத்திக் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மட்டும் இருந்தால், அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.