விளையாடுவதற்கே கோடியா?

கேள்வி: 2020-ல் அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். (NFL) வீரர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும் புது ஒப்பந்தம் வந்தபோது, சீசனுக்கு 16 ஆட்டம் போதும், 17-வது ஆட்டம் கூடாது என்று வீரர்களில் பலர் எதிர்த்தார்கள். ‘கோடீஸ்வரனுக்கும் மகா கோடீஸ்வரனுக்கும் சண்டை, நமக்கு ஆட்டம் வந்தால் சரி’ என்றுதான் என் அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். இப்போது 18-வது ஆட்டம் என்று பேச்சு அடிபடுகிறது. விளையாடுவதற்கே கோடி கோடியாகக் கொடுக்கும்போது இவர்களுக்கு எதற்கு ஒரு தொழிற்சங்கம்?
— டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்

பதில்: 17-ம் 18-ம் கொஞ்சம் பொறுக்கட்டும். ‘விளையாடுவதற்கே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏகாரத்தைத் தாண்டி என்னால் அடுத்த சொல்லுக்குப் போக முடியவில்லை.

‘விளையாடுவதற்கு’ என்று நிறுத்தியிருந்தால் அது தகவல். ஓர் ஏ சேர்ந்ததும் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. தப்பு உங்களுடையது மட்டும் இல்லை; அந்தச் சொல்லே லேசான சொல். ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றால் பொறுப்பு வராதவன். ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்றால் மனதில் வைத்துக்கொள்ளாதே. ‘என்ன, விளையாடுகிறாயா?’ என்று அப்பா கேட்டால் அடுத்தது அடிதான். விளையாட்டு என்று பேர் வைத்துவிட்டால் அதில் யாரும் வேலை செய்வதாகவே நமக்குத் தோன்றாது. அமெரிக்க ரசிகரும் இதையேதான் சொல்கிறார்: சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவு சம்பளமா என்று. ஆனால் ‘விளையாட்டு வினையாகும்’ என்று சொல்லிவைத்ததும் நம் ஆட்கள்தான். 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர், அதே எடையுள்ள இன்னொருவர் மீது ஒரே மாலையில் ஐம்பது அறுபது தடவை மோதுகிறார். அடுத்த வாரமும் மோதுகிறார். அந்த வினை எப்படி இருக்கும் என்பதற்கு ஜான் மேக்கியைச் சொல்ல வேண்டும்.

மேக்கி பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் டைட் எண்ட்; அதாவது எதிரணியைத் தடுக்கவும் வேண்டும், எறிந்த பந்தைப் பிடிக்கவும் வேண்டும். 1971 ஜனவரியில் நடந்த ஐந்தாவது சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில், எறிந்த பந்தைப் பிடித்து எதிரணியின் கோடு தாண்டி 75 கெஜ டச்டவுன் எடுத்தவர். என்.எஃப்.எல்.லும் போட்டி லீகான ஏ.எஃப்.எல்.லும் இணைந்த 1970-ல் வீரர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். அந்தக் காலத்தில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறொரு அணி எடுத்தால், பழைய அணிக்கு என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்று அணிகளுக்குள் ஒத்துவராவிட்டால் லீகின் தலைவரான கமிஷனர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிப்பார். எந்த வீரரைக் கேட்பாரோ என்று பயந்து அநேகமாக எந்த அணியும் யாரையும் எடுக்காது. ஒப்பந்தம் முடிந்தும் வீரன் கட்டிப்போட்ட மாடுதான். மேக்கி சக வீரர்களோடு வழக்குப் போட்டார். அந்த விதி சட்டவிரோதம் என்று 1976-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டைட் எண்டாக ஆடிய மிகச் சிறந்தவர்களில் ஒருவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டவரை ஃபுட்பால் புகழரங்கத்தில் (Hall of Fame) சேர்க்க 1992 வரை இழுத்தடித்தார்கள். தகுதியிருந்த 15 வருடத்தில் அது கடைசி வருடம். சங்கம் நடத்தியதற்குக் கொடுத்த தண்டனை அது என்று அவரை அறிந்தவர்கள் பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு மறதி நோய் வந்தது. அவர் மனைவி சில்வியா விடாமல் எழுதிக் கேட்டதில், 2007-ல் லீகும் சங்கமும் சேர்ந்து மறதி நோய் வந்த முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்கு உதவித் திட்டம் கொண்டுவந்தன. அதன் பெயர் ‘88 திட்டம்’. மேக்கியின் ஜெர்சி எண் 88. அப்போது வருடத்துக்கு 88,000 டாலர் வரை. தன் பெயரே தவறிப்போகும் நிலைக்குப் போனவரின் சட்டை எண்ணைத் திட்டத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

அவர் இறந்தது 2011 ஜூலை 6. அன்று எந்த என்.எஃப்.எல். அணியின் மைதானத்திலும் பயிற்சி இல்லை. மார்ச் 12-லிருந்து பூட்டு. இந்தப் பூட்டைப் பற்றி ஒரு பழைய சண்டை எனக்கு உண்டு. வேலைக்கு வர மாட்டேன் என்று தொழிலாளி சொன்னால் வேலைநிறுத்தம். வேலைக்கு வராதே என்று முதலாளி கதவைச் சாத்தினால் கதவடைப்பு. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் வேலைநிறுத்தம் என்றே எழுதுகிற பழக்கத்தை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்! ‘ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம்’ என்று வருத்தப்பட்டு எழுதியவர்களும் உண்டு. கோபம் வரத்தான் செய்யும். 2011-ல் நாலரை மாதம் கதவைப் பூட்டியவர்கள் உரிமையாளர்கள். ‘வீரர்களின் பேராசையால் சீசனே போகப்போகிறது’ என்று எத்தனையோ ரசிகர்கள் திட்டியது வீரர்களை. அந்தத் திட்டு ஒரு தவறான சொல்லில் பிறந்தது.

அந்த வருடம் உரிமையாளர்கள் கேட்டது என்ன? மொத்த வருமானத்தில் பங்கு பிரிப்பதற்கு முன்பே தங்களுக்கென்று எடுத்துவைக்கும் தொகையை இன்னும் 100 கோடி டாலர் உயர்த்த வேண்டும்; ஆட்டத்தை 18 ஆக்க வேண்டும். ‘நஷ்டம் என்றால் பத்து வருடக் கணக்கைக் காட்டுங்கள்’ என்றது சங்கம். காட்டவில்லை. வீரரின் சம்பளம் மட்டும் டாலர் சுத்தமாக ஊருக்கே தெரியும். 32 அணிகளில் கணக்கை வெளியே வைப்பது கிரீன் பே பேக்கர்ஸ் ஒன்றுதான், ஏனென்றால் அது பொதுமக்கள் பங்குதாரர்களாக இருக்கும் அணி. கண்ணுக்குத் தெரியும் பணத்தின் மேல்தான் கண் படுகிறது. உங்கள் ஊர் அணியான கவ்பாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி ஜோன்ஸ் 1989-ல் வாங்கும்போது சுமார் 14 கோடி டாலர். 2024-ல் ஃபோர்ப்ஸ் போட்ட மதிப்பு 1,000 கோடி டாலருக்கும் மேல். ‘வைத்திருப்பதற்கே இவ்வளவா?’ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டார்களா? அங்கே போட்டிருக்க வேண்டிய ஏகாரம் அது.

கோல்ட்ஸ் அணியை 1984 மார்ச்சில் அதன் உரிமையாளர் ராவோடு ராவாக லாரிகளில் ஏற்றி இண்டியானாபோலிஸுக்குக் கொண்டுபோனார். பால்டிமோர்க்காரர்கள் விடிந்து பார்த்தபோது அணி இல்லை. அந்த ஊருக்கு வேறோர் அணி வரப் பல வருடங்கள் ஆயின. எந்த வீரனும் ஓர் ஊருக்கு இதைச் செய்ததில்லை.

எதற்குச் சங்கம் என்றீர்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் யார் எந்த அணிக்குத் தாவுகிறார் என்று உங்கள் ஊரே திருவிழா மாதிரி பார்க்கிறதே, அதற்கு. 1987-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தது (ஆமாம், இது வேலைநிறுத்தம்தான்) அப்படி அணி மாறும் உரிமையை முக்கியமாகக் கேட்டுத்தான். உரிமையாளர்கள் ஒரு வார ஆட்டத்தை ரத்துசெய்துவிட்டு, அடுத்த மூன்று வாரத்துக்குக் கிடைத்த ஆட்களைப் பிடித்து ஆடவைத்தார்கள். நம் தொழிற்சங்க மேடைகளில் அவர்களுக்குப் பெயர் கருங்காலி. இன்றைக்குக் கருங்காலியை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள், நல்லது நடக்குமாம். என் தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆலை வாசல்தான் ஞாபகம் வரும். மர வியாபாரிகள் மன்னிக்கட்டும், அது எனக்கு என்றைக்கும் மாலை ஆகாது. ஃபிலடெல்ஃபியாவில் மற்றத் தொழில்களின் சங்கத்தினர் மைதான வாசலில் மறியல் செய்தார்கள். உள்ளே நாலாயிரம் பேர் சொச்சம்தான். அந்த ஊர் ரசிகர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை. டல்லாஸில், அக்டோபர் 19 இரவு, மறியலைத் தாண்டி வந்த நட்சத்திரங்களோடு ஆடிய உங்கள் கவ்பாய்ஸ், முழுக்க மாற்று ஆட்களாக இருந்த வாஷிங்டனிடம் 13-7 என்று தோற்றது.

வேலைநிறுத்தம் 24 நாளில் உடைந்தது. ஆனால் வழக்கு நின்றது, 1992-ல் ஜெயித்தார்கள், 1993 ஒப்பந்தத்தில் அணி மாறும் உரிமை எழுத்தில் வந்தது. அந்த வருடமே நட்சத்திர வீரர் ரெஜி ஒயிட் கிரீன் பேக்குப் போனார். தெருவில் நின்று தோற்றவர்களில் பலர் அதற்குள் ஆட்டத்தைவிட்டே போயிருந்தார்கள்.

இனி 2020. ஒப்பந்தத்தை ஏற்பதா என்று வீரர்கள் போட்ட வாக்கு 1,019-க்கு 959. முப்பத்தோரு பேர் மனம் மாறியிருந்தால் ஒப்பந்தம் விழுந்திருக்கும். ஜே.ஜே. வாட், ஏரன் ராட்ஜர்ஸ், ரிச்சர்ட் ஷெர்மன் போன்ற பெரிய பெயர்கள் வேண்டாம் என்றார்கள். பேராசை என்று உங்கள் நண்பர்கள் சொன்னது இவர்களைத்தான். இவர்கள் முக்கியமாகப் பேசியதோ உடம்பைப் பற்றி. சரி என்று போட்டவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். முதலாண்டு வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 2019-ல் 4,95,000 டாலர், புது ஒப்பந்தத்தில் 6,10,000. சங்கம் சொல்லும் கணக்கில் ஒரு வீரரின் சராசரி ஆட்டக்காலம் மூன்று வருடத்துக்குச் சற்று மேல். ஒரு வருடம் போராடிப் பார்க்கலாம் என்றால், அவர் வாழ்நாள் சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மொத்த வருமானத்தில் வீரர்களின் பங்கு 47 சதவீதத்திலிருந்து 48-க்கும், 17-வது ஆட்டம் வந்ததும் 48.5-க்கும் ஏறியது. மூத்தவர்களின் ஓய்வூதியமும் கூடியது. ஆனால் 16 ஆட்டத்துக்கே தாங்காத முட்டிக்கு 17-வதை விற்று வாங்கிய உயர்வு அது.

ரசிகர்களின் ஒரு குறை மட்டும் முழுக்க நியாயம். சீசன் டிக்கெட்டோடு, யாரும் பார்க்க விரும்பாத பயிற்சி ஆட்டங்களுக்கும் முழு விலை கட்டவைத்தார்கள். 17-வது ஆட்டம் வந்ததும் அதில் ஒன்று குறைந்ததில் அவர்கள் சந்தோஷப்பட்டால் எனக்கும் சந்தோஷம். அந்தக் காசை வாங்கியது வீரர்கள் அல்ல.

18-வது ஆட்டம் சங்கம் சம்மதிக்காமல் வராது. ஒப்பந்தம் 2030 சீசன் வரை இருக்கிறது. சம்மதிக்கக் கூடாது என்பது என் கட்சி.

உங்கள் அலுவலக நண்பர்களிடம் 2012 செப்டம்பரை ஞாபகப்படுத்துங்கள். அப்போது வெளியே நிறுத்திக் கதவடைக்கப்பட்டவர்கள் நடுவர்கள். மாற்று நடுவர்கள் மூன்று வாரம் ஆட்டத்தைக் குட்டிச்சுவர் ஆக்கினார்கள். 24-ம் தேதி சியாட்டிலில், கடைசி நொடியில் கிரீன் பேயிடமிருந்து வெற்றியைப் பிடுங்கி எதிரணிக்குக் கொடுத்த தீர்ப்பு வந்ததும் நாடே கொதித்தது. இரண்டே நாளில் சமரசம். 27-ம் தேதி இரவு பழைய நடுவர்கள் மைதானத்துக்குள் வந்தார்கள். வருடம் முழுக்க நடுவரைத் திட்டுவதையே வழக்கமாக வைத்திருக்கும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பால்டிமோரில்.