பயிற்சி முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதா? பள்ளித் தலைமைக்கும் ஆசிரியர்களுக்கும் கேள்வி பதில்

ஆசிரியர் பயிற்சியிலும் தலைமை ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதிலும் ரொம்ப காலமாக இருப்பவள் என்பதால் பள்ளியில் எல்லோரும் தொடர்ந்து கற்றுக்கொள்ளும் பழக்கத்தை, அதாவது 'கற்றல் கலாச்சாரத்தை', எப்படி வளர்ப்பது என்று என்னிடம் கேட்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வருடத்துக்கு இரண்டு முறை வெளியிலிருந்து ஆளை அழைத்து நல்ல பயிற்சி நடத்துகிறோம் மேடம். எல்லோரும் பாராட்டுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வகுப்பில் எதுவும் மாறியிருப்பதில்லை. ஏன்? (பள்ளி நிர்வாகி)

பயிற்சி நன்றாகத்தான் இருந்திருக்கும், அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுதான் சிக்கல். கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, அங்கேயே பழகவும் வைத்தால் ஆசிரியருக்கு அந்த உத்தி தெரிந்துவிடும், ஆனால் தன் வகுப்பில் அதைத் தொடர்ந்து செய்ய வேண்டுமென்றால் கூடவே இருந்து கைகொடுக்க ஒருவர் வேண்டும். 2018இல் மேத்யூ கிராஃப்ட் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் இப்படி வகுப்பு வரை வந்து உதவும் முறையைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் விதம், பிள்ளைகளின் மதிப்பெண் இரண்டுமே முன்னேறியிருந்தன. நிறைய ஆசிரியர்களைச் சேர்த்துத் திட்டத்தைப் பெரிதாக்கியபோது பலன் குறைந்ததையும் கவனித்தார்கள், இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை!

எனவே இரண்டாவது பயிற்சியை ரத்து செய்யுங்கள். அந்தப் பணத்தில் முதல் பயிற்சி கொடுத்தவரையே மாதம் ஒருமுறை வரவழைத்து, நாலைந்து ஆசிரியர்களோடு வகுப்பில் உட்கார வையுங்கள்.

கேள்வி: தலைமை ஆசிரியராக நான் என்ன செய்ய வேண்டும்? சர்க்குலர், கணக்கு, பெற்றோர் புகார் என்றே நாள் போய்விடுகிறது.

பயிற்சியைத் தொடங்கி வைத்துவிட்டு அறைக்குத் திரும்பாதீர்கள், முதலில் இது போதும். கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சன் குழு 2008இல் வெளியிட்ட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில், பள்ளித் தலைமை செய்யும் வேலைகளை ஐந்து வகையாகப் பிரித்து, எது மாணவர் கற்றலோடு அதிகம் சேர்ந்து போகிறது என்று பார்த்தார்கள். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் கலந்துகொள்வது 0.84 என்ற விளைவளவோடு (எண் பெரிதானால் தொடர்பும் பெரிது) முதலிடம் பிடித்தது. அடுத்த நிலையில் இருந்தவை 0.42தான். (அந்த எண்ணையே பிடித்துத் தொங்க வேண்டாம், அதற்குப் பின்னால் இருந்த ஆய்வுகள் சிலவே. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.)

இதில் 'தானும்' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியில் ஆசிரியர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் தலைமை ஆசிரியருக்கு, எது நடைமுறைக்கு ஒத்துவரும், எதற்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்தால் வாரம் ஒரு பாடவேளையாவது நீங்களே எடுங்கள், அதை வந்து பார்த்துக் குறை சொல்லும்படி ஆசிரியர்களைக் கூப்பிடுங்கள். முதல் தடவை யாரும் வாயே திறக்க மாட்டார்கள், பரவாயில்லை.

கேள்வி: என் வகுப்பில் யாராவது வந்து உட்கார்ந்தாலே எனக்குக் கை நடுங்கும் மேடம். இதில் 'கற்றல் கலாச்சாரம்' எங்கிருந்து வரும்? (நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை)

உங்கள் பயம் நியாயமானதுதான் டீச்சர். வகுப்பைப் பார்க்க வருபவரே ஆண்டிறுதியில் உங்களைப் பற்றி மதிப்பீடும் எழுதுகிறார் என்றால் யாருக்குத்தான் நடுங்காது? இரண்டையும் பிரிக்க வேண்டும். கற்றுக்கொள்வதற்காகப் பார்க்கும் வகுப்பின் குறிப்பு பணிமதிப்பீட்டுக் கோப்புக்குப் போகக் கூடாது என்று தலைமை வெளிப்படையாகச் சொல்லி, அதன்படி நடக்கவும் வேண்டும்.

ஜப்பானில் மெய்ஜி காலத்திலிருந்து (19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) வளர்ந்துவந்த ஒரு வழக்கம் உண்டு, ஜுகியோ கென்கியூ, அதாவது பாட ஆய்வு. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். அவர்கள் கண் பிள்ளைகள் மேல் இருக்கும்: எந்த இடத்தில் குழம்பினார்கள், எந்தக் கேள்விக்கு யோசித்தார்கள் என்று. பாடம் எல்லோரும் சேர்ந்து போட்டது என்பதால், அது சொதப்பினாலும் அதை நடத்தியவர் ஒருவர் தலையில் பழி விழாது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறைப் பயமில்லாமல் சொன்னதுதான் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஸ்டாஃப் ரூமில் "இந்தப் பாடம் எனக்கு வரவே மாட்டேங்குது" என்று யாருமே சொல்வதில்லை என்றால், அங்கே எல்லோரும் மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: எல்லாம் சரி, நேரம்?

சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெற உரிமை உண்டு. ஷாங்காயில் ஒரே பாட ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் தயாரிக்கும் குழுக்கள் அன்றாட வேலையின் பகுதி, அதற்கு ஈடாக வகுப்பெடுக்கும் நேரம் குறைவு, வகுப்புகள் பெரியவை. இரண்டு இடத்திலும் நேரத்தைப் பள்ளி அமைப்பே ஒதுக்குகிறது, சனிக்கிழமையைத் தியாகம் செய்யச் சொல்வதில்லை.

உங்களால் அவ்வளவு முடியாது என்றால், கால அட்டவணை போடும்போது ஒரே பாட ஆசிரியர்களுக்குப் பொதுவான ஓய்வுப் பாடவேளையை முதலில் குறித்துவிட்டு மற்றதை நிரப்புங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கிடைக்கவே கிடைக்காது. ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்கும் அறிவிப்புகளை எழுதி அனுப்பிவிட்டால் அந்த நேரமும் மிஞ்சும். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழைய பதிவேடு ஒன்றையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: மூத்த ஆசிரியர் ஒருவர், "எனக்கு இனி என்ன கற்றுத்தரப் போகிறீர்கள்?" என்கிறார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வேறொருவரை அனுப்புங்கள். இளையவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடுவதே அவருக்கும் கற்றல்தான். அனுபவம் ஏறினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் ஆசிரியர்களுக்கு ஆதரவான பள்ளிகளில் அவர்கள் தொடர்ந்து மேம்படுவதை கிராஃப்டும் ஜான் பாப்பேயும் 2014இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள், இத்தனை வருடம் பள்ளி அவருக்கு என்ன கொடுத்தது என்றும் பாருங்கள்.

கேள்வி: அலுவலக ஊழியர், ஆய்வக உதவியாளர் எல்லாம் இதில் உண்டா?

கட்டாயம். எந்தப் பிள்ளை அடிக்கடி தாமதமாக வருகிறது, யார் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று வகுப்பாசிரியருக்கு முன்பே வாசல் காவலருக்குத் தெரியும். அவர்களுக்கு முதலுதவி வகுப்பு வைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்காமல், பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கூட்டத்திலும் உட்கார வையுங்கள்.

கேள்வி: சான்றிதழ் எண்ணிக்கையை வைத்து அளக்கிறோம். சரியா?

இல்லை. இந்தப் பருவத்தில் எதை முயன்றீர்கள், எதைக் கைவிட்டீர்கள் என்று கேளுங்கள். கைவிட்டது ஒன்றுமே இல்லை என்பவர் எதையும் முயலவில்லை.

கேள்வி: தலைமை ஆசிரியர் மாறினால் எல்லாம் போய்விடுகிறதே?

ஒருவர் ஆர்வத்தில் மட்டும் ஓடியதென்றால் போகத்தான் செய்யும். பாட ஆய்வுக் கூட்டத்தை முதல் வருடத்திலிருந்தே ஆசிரியர்கள் முறைபோட்டு நடத்தட்டும், தலைமை ஆசிரியர் அதில் ஒரு உறுப்பினர், அவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஸ்டாஃப் ரூமிலேயே ஒரு கோப்பில் வையுங்கள். புதிதாக வரும் தலைமை ஆசிரியரிடம் முதல் வாரமே அந்தக் கோப்பைக் கொடுத்து, அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்றும் சொல்லிவிடுங்கள்.